தார்: மழையைச் சேர்த்துவைத்த பாலைநிலம்

தார் பாலைவனம் கிழக்கே ஆரவல்லி மலைத்தொடருக்கும் மேற்கே சிந்து நதிச் சமவெளிக்கும் நடுவில் இரண்டு லட்சம் சதுர கிலோமீட்டர் அளவுக்குப் பரந்து கிடக்கிறது. வடக்கே சட்லெஜ் நதிப் பாசன வயல்களும் தெற்கே கட்ச் பகுதியின் உப்புச் சேற்று நிலமான ரண்ணும் இதற்கு எல்லைகள். பெரும்பங்கு இந்தியாவுக்குள், முக்கியமாக ராஜஸ்தானின் ஜெய்சல்மேர், பார்மேர், பிகானேர், ஜோத்பூர் பகுதிகளில் இருக்கிறது. மிச்சம் பாகிஸ்தானுக்குள் நுழைந்து, சிந்து மாகாணத்தில் தார்பார்கர் என்றும் பஞ்சாப் மாகாணத்தில் சோலிஸ்தான் என்றும் அழைக்கப்படுகிறது. உலகின் பாலைவனங்களிலேயே மக்கள் நெருக்கமாக வாழும் இடங்களில் தாரும் ஒன்று. மணல்மேட்டைத் தாண்டினால் கம்பு வயல் வரும். அதையும் தாண்டினால் ஆட்டுமந்தை வரும், ஊர் வரும். ஆண்டுக்கு ஒரு சில நாள் மட்டுமே மழை பார்க்கும் நிலத்தில் இத்தனை பேர் தலைமுறை தலைமுறையாக வாழ்வதற்கு அவர்கள் மழையைக் கையாண்ட விதமே காரணம். தாரின் கோட்டை, கோயில், பாட்டு, சாப்பாடு என்று எதைத் தொட்டாலும் கடைசியில் தண்ணீரில்தான் வந்து நிற்கும்.

இங்கே ஏன் மழை இல்லை என்பதற்குப் பல காரணங்கள் உண்டு. அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் திசையிலேயே ஆரவல்லி மலைத்தொடரும் நீண்டிருக்கிறது. குறுக்கே நின்று மேகத்தைத் தடுக்க மலை இல்லாததால் ஈரக்காற்று மழை பொழியாமலே கடந்துபோகிறது. வங்கக்கடல் பக்கமிருந்து கங்கைச் சமவெளி வழியாக வரும் காற்றோ இங்கே சேர்வதற்குள் தன் ஈரத்தையெல்லாம் வழியிலேயே கொட்டிவிடுகிறது. மேலடுக்கிலிருந்து கீழே இறங்கும் வறண்ட காற்று, எழும்பும் மேகத்தையும் அமுக்கிவிடுகிறது. கிழக்கு ஓரத்தில் ஆண்டுக்குச் சுமார் 500 மில்லிமீட்டர் பெய்யும் மழை, மேற்கே போகப்போகக் குறைந்து 100 மில்லிமீட்டரை ஒட்டி வந்துவிடும். அதுவும் ஜூலை முதல் செப்டம்பருக்குள் சில நாட்களில் கொட்டி முடிந்துவிடும். ஒரு வருஷம் பெய்தால் அடுத்த வருஷம் பெய்யும் என்ற நிச்சயமும் கிடையாது.

வெயிலும் குளிரும் இங்கே எல்லைக்கே போகின்றன. 2016 மே மாதம் பலோடியில் 51 டிகிரி செல்சியஸ் பதிவானது. சூரு நகரில் 2019 ஜூனில் 50 டிகிரியைத் தாண்டியது. அதே ஊரில் குளிர்கால இரவில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இறங்குவதும் உண்டு. கோடையில் ‘லூ’ என்ற அனல்காற்று பகலெல்லாம் வீசும். ‘ஆந்தி’ எனும் புழுதிப்புயல் வந்தால் நடுப்பகலிலும் விளக்கேற்ற வேண்டியிருக்கும்.

பாலைவனம் என்றதும் மனத்தில் எழும் மணல்மேடுகள் தாரின் ஒரு பகுதிதான். சில மேடுகள் 150 மீட்டர் உயரம் வரை போகும். காற்றோடு நகரும் மேடுகளும் உண்டு, புல்லும் புதரும் வேர்பிடித்து அசையாமல் நிற்கும் மேடுகளும் உண்டு. அவற்றுக்கு வெளியே சரளைக்கல் சமவெளிகள், பாறைக் குன்றுகள், உப்பு ஏரிகள், சேவண் புல் அடர்ந்த மேய்ச்சல் வெளிகள் என நிலம் மாறிக்கொண்டே இருக்கிறது. லூனி இந்நிலத்தின் முக்கிய ஆறு. அஜ்மீர் அருகே ஆரவல்லியில் பிறந்து, மழைக்காலத்தில் மட்டும் ஓடி, பாலோத்ரா வரை நல்ல தண்ணீராக வந்து, அதற்குப்பின் உப்புக் கரித்து, கடலைச் சேராமல் ரண் சேற்றில் அடங்கிவிடுகிறது.

இந்த நிலம் என்றும் இப்படியே இருந்ததில்லை. ஜெய்சல்மேரிலிருந்து சுமார் 17 கிலோமீட்டரில் உள்ள ஆகல் என்ற இடத்தில், ஜுராசிக் காலத்துப் பெருமரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. அவற்றின் வயது சுமார் 18 கோடி ஆண்டுகள். மனித வரலாற்றுக்குள்ளும் சான்று உண்டு. இன்று மழைக்காலத்தில் மட்டும் நீர் வரும் கக்கர் ஆற்றின் கரையில் காளிபங்கன் என்ற ஹரப்பா நாகரிக நகரம் இருந்தது. 1960களில் பி.பி. லால், பி.கே. தாப்பர் ஆகியோர் நடத்திய அகழாய்வில், ஹரப்பா காலத்துக்கும் முந்திய, குறுக்கும் நெடுக்குமாக உழுத சால்கள் அழியாத ஒரு வயல் அங்கே வெளிப்பட்டது. உலகின் மிகப் பழைய உழுவயல் தடயங்களில் அதற்கும் இடம் உண்டு.

ஆறு கைவிட்ட நிலத்தில் மக்கள் மழையை நம்பினார்கள். இங்குள்ளவர்கள் தண்ணீரை மூன்றாகப் பிரித்துப் பார்த்ததை எழுத்தாளர் அனுபம் மிஸ்ரா தம் நூல்களில் விரிவாக எழுதியிருக்கிறார். வானத்திலிருந்து விழுந்து தரைமேல் நிற்பது பாலர் பானி. நிலத்தின் ஆழத்தில் இருப்பது பாதாள் பானி. தாரில் அது பெரும்பாலும் உப்பு. இரண்டுக்கும் நடுவே மணலுக்குள் ஈரமாகத் தங்கியிருப்பது ரேஜாணி பானி. ஜிப்சம் அல்லது சுண்ணக் கல் படலம் ஒன்று மணலுக்கு அடியில் சில இடங்களில் ஓடுகிறது. மழை ஈரம் அதைத் தாண்டி இறங்காமல், கீழேயுள்ள உப்புநீரோடு கலந்துவிடாமல், மேலேயே தேங்கி நிற்கிறது. கண்ணுக்குத் தெரியாத இந்த ஈரத்தையும் குடிநீராக்கும் வழியை இந்த மக்கள் கண்டுபிடித்தார்கள்.

அதற்காகத் தோண்டுவதுதான் ‘குயீன்’. ஓர் ஆள் குந்தி உட்காரும் அகலமே உள்ள கிணறு அது. அகலமாக வெட்டினால் ஊறும் சொற்ப நீரும் ஆவியாகிவிடும், வாளியிலும் சிக்காது. உள்ளே மண்வெட்டி வீச இடமில்லாததால் குட்டைப் பிடியுள்ள சிறு கருவியால் குடைகிறார்கள். ஆழம் கூடக்கூட மூச்சு முட்டும். மேலே இருப்பவர்கள் கைப்பிடி மணலை வேகமாக உள்ளே வீசி, அதோடு குளிர்ந்த காற்றையும் கீழே தள்ளுவார்கள். தோண்டுபவர் தலையில் உலோகப் பாத்திரத்தைக் கவிழ்த்துக்கொள்வார். மணல் சரியாமலிருக்க, ஒருவகைப் புல்லைத் திரித்த தடித்த கயிற்றைச் சுருள் சுருளாக அடுக்கி உட்சுவர் ஆக்குவார்கள். இத்தனைக்கும் ஒரு நாளில் ஊறுவது இரண்டு மூன்று குடம் தண்ணீர்தான். ஆனால் அது வற்றாது, இனிக்கும். குயீன் ஒவ்வொரு வீட்டுக்கும் சொந்தம் என்றாலும் அது நிற்கும் நிலம் ஊருக்குப் பொது. புதிதாக ஒன்று தோண்டினால் இருக்கும் ஈரம்தான் பங்கு போகும் என்பதால், ஊர் ஒப்புக்கொள்ளாமல் யாரும் தோண்ட முடியாது.

ஜிப்சம் படலம் இல்லாத ஊர்களில் ‘டாங்கா’ இருக்கும். தரைக்கடியில் வட்டமாகத் தோண்டி, சுண்ணாம்பு பூசி, மேலே குவிமாடம்போல் மூடிய தொட்டி அது. சுற்றிலும் நிலத்தைச் சரிவாகக் கெட்டித்து வைத்திருப்பார்கள். மழை பெய்ததும் அந்தச் சரிவில் விழும் ஒவ்வொரு துளியும் ஓடிவந்து தொட்டிக்குள் சேரும். ஊர்க் குளங்களுக்கு இப்படி நீர் கொண்டுவரும் நிலத்துக்கு ‘ஆகோர்’ என்று பெயர். அதில் செருப்போடு நடக்கக் கூடாது, மாடு கட்டக் கூடாது என்ற கட்டுப்பாட்டை ஊரே காத்தது. ஜெய்சல்மேர் நகரம் நூற்றாண்டுகளாகக் குடித்தது 14ஆம் நூற்றாண்டில் கட்சி சிங் வெட்டிய கட்சிசர் ஏரியின் நீரைத்தான்.

குடிநீரோடு நிற்காமல் வயலுக்கும் வழி செய்தவர்கள் பாலிவால் பிராமணர்கள். பாறைச் சரிவின் அடிவாரத்தில் நீளமான மண்கரை போட்டு, மழைநீரை வயலிலேயே தேக்கும் முறைக்கு ‘கடீன்’ என்று பெயர். நீர் மண்ணுக்குள் இறங்கியபின் அந்த ஈரத்திலேயே கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைப்பார்கள். அறுவடை வரை வேறு தண்ணீர் தேவைப்படாது. அவ்வளவு கெட்டிக்காரர்களான பாலிவால்கள் 19ஆம் நூற்றாண்டில் குல்தரா முதலான தங்கள் ஊர்களை விட்டுப் போய்விட்டார்கள். சாலிம் சிங் என்ற திவானின் கொடுமை தாங்காமல் ஒரே இரவில் வெளியேறினார்கள் என்று ஊர்க்கதை சொல்கிறது. வரிச்சுமையும் கிணறுகள் வற்றியதும் காரணம் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. குல்தராவைப் பேய் ஊர் என்று காட்டிப் பணம் பார்ப்பதைவிட, அவர்கள் போட்ட கடீன்களில் இன்றும் கோதுமை விளைவதைக் காட்டுவது அவர்களுக்குச் செய்யும் நியாயம்.

தாரின் மரம் கேஜ்ரி. தமிழ்நாட்டுக் கோயில்களில் தலமரமாக நிற்கும் வன்னிதான் அது. ஆணிவேர் மிக ஆழமாக இறங்குவதால் மழை பொய்த்தாலும் துளிர்க்கும். இலை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தீவனம். அடியில் விதைத்த கம்புக்கு அது நிழல் தரும், உதிர்ந்த இலை உரமாகும். ‘சாங்கரி’ எனும் காயைக் காயவைத்து ஆண்டு முழுவதும் சமைப்பார்கள். 1899–1900இல் வந்த பெரும் பஞ்சத்தில் அதன் பட்டையை இடித்து மாவாக்கித் தின்று உயிர் பிழைத்தவர்கள் உண்டு.

இந்த மரத்துக்காக மனிதர்கள் உயிர் கொடுத்த இடமும் தாரில்தான் இருக்கிறது. பிஷ்னோய் சமயத்தை 1485இல் ஜாம்போஜி தோற்றுவித்தார். பச்சை மரத்தை வெட்டாதே, உயிர்களைக் கொல்லாதே என்பவை அவர் வகுத்த 29 நெறிகளில் அடங்கும். 1730இல் ஜோத்பூர் மகாராஜா அபய் சிங்கின் அரண்மனை வேலைக்குச் சுண்ணாம்பு சுட விறகு வேண்டி, ஆட்கள் கேஜர்லி கிராமத்தின் மரங்களை வெட்ட வந்தார்கள். அம்ரிதா தேவி என்ற பெண் மரத்தைக் கட்டிக்கொண்டு நின்று வெட்டுப்பட்டு இறந்தார். அவரது மகள்களும் சுற்றுவட்டாரத்து ஊர்க்காரர்களும் தொடர்ந்தார்கள். 363 பேர் மாண்டபின்தான் வெட்டு நின்றது. பிஷ்னோய் ஊர்களில் மரம் வெட்டவும் வேட்டையாடவும் அரசர் தடை விதித்தார். இன்றும் பிஷ்னோய் ஊர்களில் சின்காரா மான்களும் வெளிமான்களும் வீட்டு வாசலருகே அச்சமின்றி மேய்கின்றன. அந்தப் பழைய செய்தி அங்கே நடைமுறையாக இருக்கிறது.

பிஷ்னோய்கள் அல்லாத ஊர்களிலும் ‘ஓரண்’ எனும் தெய்வக் காடுகள் உண்டு. ஒரு குலதெய்வத்தின் பெயரில் விடப்பட்ட மேய்ச்சல் நிலம் அது. அங்கே மாடு மேயலாம், கோடாரி படக் கூடாது. இப்படிக் காத்த பசுமைக்கு வேறொரு மரம் எதிரியாக வந்திருக்கிறது. தமிழகம் முழுக்கத் தெரிந்த சீமைக்கருவேலம் இங்கும் கொண்டுவரப்பட்டு, விறகு தந்தாலும் உள்ளூர்ப் புல்லையும் செடியையும் நெரித்துவருகிறது.

நகரங்களைத் தாங்கியது தண்ணீர் என்றால் அவற்றைச் செழிக்க வைத்தது வணிகம். குஜராத்துக்கும் டெல்லிக்கும் சிந்துவுக்கும் இடையே ஒட்டக வணிகக் கூட்டங்கள் தார் வழியாகச் சென்றன. அந்த வழியில் ‘பாட்டி’ என்ற ராஜபுத்திரக் குலத்து மன்னர் ராவல் ஜெய்சல் 1156இல் ஜெய்சல்மேரை நிறுவினார். திரிகூடக் குன்றின் மேல் மஞ்சள் மணற்கல்லால் எழுந்த அந்தக் கோட்டைக்கு 99 கொத்தளங்கள். மாலை வெயிலில் அது பொன்னிறம் கொள்வதைப் பார்த்த சத்யஜித் ராய், தம் துப்பறியும் கதைக்கும் 1974இல் எடுத்த திரைப்படத்துக்கும் ‘சோனார் கேல்லா’, அதாவது பொற்கோட்டை என்றே பெயர் வைத்தார். உள்ளே சமணக் கோயில்களும் நூலகமும் உள்ளன. ஆயிரக்கணக்கானோர் இன்றும் குடியிருக்கும் கோட்டை இது. 2013இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த ஆறு ராஜஸ்தான் மலைக்கோட்டைகளில் பாலைவனத்துக்கு நடுவே நிற்பது இது ஒன்றுதான்.

நகருக்குள் 19ஆம் நூற்றாண்டு வணிகர்கள் கட்டிய ஹவேலிகள் இருக்கின்றன. குமான் சந்த் பட்வா 1805இல் தொடங்கிய ஐந்து மாளிகைகளின் முகப்பில் கல்லை மரம்போல் குடைந்த மாடங்கள் வரிசையாக நிற்கின்றன. அலங்காரம் மட்டும் அவற்றின் நோக்கமல்ல. சல்லடைக் கண் சன்னல் வெயிலைத் தடுத்துக் காற்றை மட்டும் உள்ளே விடும்; குறுகலான தெருவில் எதிரெதிர் வீடுகள் ஒன்றுக்கொன்று நிழல் கொடுக்கும். பம்பாய்த் துறைமுகமும் ரயிலும் வந்தபின் ஒட்டக வணிகம் தேய்ந்தது. 1947 பிரிவினையோடு பழைய பாதை அடியோடு அடைபட்டது. வணிகர்கள் இந்தியாவின் பெருநகரங்களுக்குப் பெயர்ந்தார்கள். சென்னை சவுகார்பேட்டையில் கடை வைத்திருக்கும் மார்வாடிக் குடும்பங்கள் பலவற்றின் பூர்வீகம் ஜோத்பூரைச் சுற்றியுள்ள மார்வார் பகுதிதான்.

இப்போது ஜெய்சல்மேர் கோட்டைக்கு வந்திருக்கும் ஆபத்து கவலைக்குரியது. குடத்தில் நீர் சுமந்த காலத்தில் கட்டிய கோட்டை அது. குழாயும் கழிவறையும் வந்து, விடுதிகள் பெருகியபின் கசியும் நீர் அடியிலுள்ள களிமண்ணை இளக்குகிறது. சில கொத்தளங்களும் சுவர்களும் சரிந்துவிட்டன.

மற்ற நகரங்களில் ஜோத்பூரை 1459இல் ராவ் ஜோதாவும், பிகானேரை 1488இல் அவர் மகன் ராவ் பீகாவும் நிறுவினார்கள். ஜோத்பூரின் மெஹ்ரான்கர் கோட்டை எரிமலைப் பாறைக் குன்றின் மேல், நகரை விட நூறு மீட்டருக்கும் உயரத்தில் நிற்கிறது.

சாப்பாட்டிலும் நிலத்தின் கணக்கு தெரியும். கம்பு ரொட்டி, நரிப்பயறு, கொத்தவரை வற்றல், மோர், நெய். பச்சைக் காய்கறி அரிது என்பதால் கேர் எனும் புதர்க் காயையும் சாங்கரியையும் காயவைத்து, ஊறவைத்து, எண்ணெயும் மிளகாயும் சேர்த்துச் சமைக்கும் ‘கேர் சாங்கரி’ ஏழை வீட்டிலிருந்து கல்யாணப் பந்திக்கு ஏறிய உணவு. பிகானேரின் புஜியா நரிப்பயறு மாவில் செய்வது. புவிசார் குறியீடு பெற்றது.

தாரின் இசை இங்கே தனியாகச் சொல்லத் தகும். மாங்கணியார், லங்கா என்ற இரண்டு முஸ்லிம் சமூகங்கள் பரம்பரைப் பாடகர்கள். லங்காக்கள் சிந்தி சிபாயி முஸ்லிம் குடும்பங்களுக்குப் பாடுகிறார்கள். மாங்கணியார்களோ பெரும்பாலும் இந்து ராஜபுத்திரக் குடும்பங்களுக்குப் பாடுபவர்கள். ஆதரிக்கும் குடும்பத்தில் குழந்தை பிறந்தாலும் திருமணம் நடந்தாலும் அந்தந்தச் சடங்குக்குரிய பாடலை அவர்கள்தான் பாட வேண்டும். பதிலுக்குத் தானியமும் ஆடும் பணமும் வரும். கிருஷ்ணன் மீது பாடிய அதே வாய், சிந்தி சூஃபிக் கவிஞர் ஷா அப்துல் லத்தீஃபின் பாடலையும் பாடும். ஆட்டுத்தோல் போர்த்திய மரக்குடத்தில் வில் போட்டு வாசிக்கும் கமாயிச்சா மாங்கணியார்களின் தனி வாத்தியம். விரலிடுக்கில் இரண்டு மரப்பட்டைகளை வைத்துத் தட்டும் கட்தாலும் அவர்களோடுதான் உலகம் சுற்றியது.

இவர்களை வெளியுலகுக்குக் கொண்டுவந்தவர் கோமல் கோத்தாரி. எழுத்தாளர் விஜய்தான் தேத்தாவுடன் சேர்ந்து 1960இல் போருந்தா கிராமத்தில் ரூபாயன் சன்ஸ்தான் என்ற அமைப்பைத் தொடங்கி, ஆயிரக்கணக்கான பாடல்களை ஒலிப்பதிவு செய்தார். தேத்தா கிழவிகளும் மேய்ப்பர்களும் சொன்ன கதைகளைக் கேட்டு ராஜஸ்தானியில் ‘பாத்தாங் ரீ புல்வாரி’ என்ற பல தொகுதிகளாக எழுதினார். கமாயிச்சா கலைஞர் சாகர் கான் 2012இல் பத்மஸ்ரீ பெற்றார். பாம்பாட்டிகளான கால்பேலியா சமூகத்தின் கதை சற்று வேறு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அவர்கள் தொழிலை நிறுத்தியபின், அவர்களின் ஆட்டமே பிழைப்பானது. 2010இல் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

ஒட்டகத்தைத் தாருக்கு முதலில் கொண்டுவந்தவர் பாபுஜி என்ற வீரர் என்பது நம்பிக்கை. அவர் கதையை நீண்ட துணிச்சீலையில் வரைந்து, இரவெல்லாம் ராவண்ஹத்தா எனும் வில் வாத்தியத்தை வாசித்தபடி, போப்பாக்கள் எனும் பூசாரிப் பாடகர்கள் பாடுவார்கள். ஒட்டகம் வளர்க்கும் ரைகா சமூகம் அதை விற்பனைச் சரக்காகப் பார்க்காமல் வீட்டு உறவாகப் பார்த்தது. இன்று அந்த வாழ்க்கை சுருங்கிவருகிறது. நாட்டில் 2012இல் சுமார் 4 லட்சமாக இருந்த ஒட்டகங்கள் 2019 கணக்கெடுப்பில் இரண்டரை லட்சமாகக் குறைந்தன. அவற்றில் பெரும்பாலானவை ராஜஸ்தானில் உள்ளவை. டிராக்டரும் சாலையும் வந்தது, மேய்ச்சல் நிலம் வேலிக்குள் போனது ஆகியவை காரணம். 2014இல் ராஜஸ்தான் ஒட்டகத்தை மாநில விலங்காக அறிவித்தது. அடுத்த ஆண்டு அதை வெளிமாநிலத்துக்கு விற்பதைக் கட்டுப்படுத்திய சட்டம் நல்லெண்ணத்தோடு வந்தது என்றாலும், சந்தை விலையைச் சரித்து வளர்ப்பவரையே தளர வைத்தது.

கடந்த நூற்றாண்டில் தாரை அதிகம் மாற்றியது கால்வாய். பிகானேர் மகாராஜா கங்கா சிங் 1927இல் சட்லெஜ் நீரைக் கங் கால்வாய் வழியாகக் கொண்டுவந்தார். அதன்பின் 1958இல் தொடங்கிய ராஜஸ்தான் கால்வாய் பஞ்சாபின் ஹரிகே அணையிலிருந்து 649 கிலோமீட்டர் நீண்டு ஜெய்சல்மேரைத் தொட்டது. 1984இல் இந்திரா காந்தி கால்வாய் என்று பெயர் பெற்றது. கங்காநகர் பக்கம் இன்று கோதுமையும் பருத்தியும் கின்னோ ஆரஞ்சும் விளைகின்றன. பல ஊர்களுக்குக் குடிநீர் வருகிறது. இதைச் சிறுமைப்படுத்த முடியாது. ஆனால் எந்த ஜிப்சம் படலம் குயீனுக்கு நீரைத் தேக்கித் தந்ததோ, அதே படலம் கால்வாய்ப் பாசன நீரையும் கீழே இறங்க விடவில்லை. வயல்கள் ஊறிச் சதுப்பாயின, உப்புப் பூத்தன, மலேரியா பரவியது. 2006 ஆகஸ்டில் பார்மேரில் சில நாட்களுக்குள் ஓராண்டு மழையையும் மிஞ்சிக் கொட்டியபோது, கவாஸ் கிராமத்தில் வெள்ளம் வாரக்கணக்கில் வடியாமல் நின்றதற்கும் மண்ணடியில் இருந்த ஜிப்சம்தான் காரணம். மண்ணின் இயல்பை முன்னோர் அளவுக்குப் படிக்காமல் செய்த வேலைக்கு மக்கள் கொடுத்த விலை பெரிது.

இப்போதைய மாற்றம் எரிசக்தியில் நடக்கிறது. பார்மேரில் 2004இல் கண்டறிந்த மங்களா வயலில் 2009 முதல் கச்சா எண்ணெய் எடுக்கிறார்கள். பலோடி அருகே பட்லாவில் 2,245 மெகாவாட் சூரிய மின் பூங்கா உலகின் மிகப் பெரியவற்றில் ஒன்று. சூரிய மின்சாரம் நாட்டுக்குத் தேவை என்பதில் இரண்டு கருத்து இல்லை. சிக்கல் நிலத்தில் இருக்கிறது. பழைய பதிவேடுகளில் ‘தரிசு’ என்று எழுதப்பட்ட பல இடங்கள் உண்மையில் ஓரண்களும் மேய்ச்சல் வெளிகளுமே. ஜெய்சல்மேரின் தேக்ராய் ஓரண் போன்ற இடங்களில் மின்கம்பிகளுக்கு எதிராக ஊரார் போராடி வருகிறார்கள். கம்பிகளால் அதிகம் மடிவது கானமயில். 15 கிலோ வரை எடையுள்ள இப்பறவைக்குக் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் நேரே வரும் கம்பி தெரியாது. தெரிந்தாலும் சட்டெனத் திரும்ப முடியாது. 150க்கும் குறைவாகவே மிஞ்சியிருக்கும் இவற்றில் பெரும்பாலானவை ஜெய்சல்மேரில் உள்ளன. 1980இல் அறிவித்த பாலைவனத் தேசியப் பூங்காவும், சாம், ராம்தேவ்ரா இனப்பெருக்க மையங்களும்தான் அவற்றின் நம்பிக்கை.

எல்லைக்கு அப்பால் தார்பார்கரிலும் இதே கேஜ்ரி, இதே கம்பு, இதே பாட்டு. அங்குள்ள உமர்கோட்டில்தான் 1542இல் அக்பர் பிறந்தார். அந்தப் பகுதியில் வாழும் சோதா ராஜபுத்திரர்கள் ஒரே குலத்துக்குள் மணம் முடிப்பதில்லை என்பதால், தலைமுறைகளாக ராஜஸ்தான் குடும்பங்களோடு சம்பந்தம் வைத்துவந்தார்கள். பிரிவினைக்குப் பின்னும் பெண் எடுப்பதும் கொடுப்பதும் நிற்கவில்லை. 1965 போரில் அறுந்த முனாபாவ்–கோக்ராபார் ரயில் பாதையில் 2006 பிப்ரவரியில் தார் எக்ஸ்பிரஸ் மீண்டும் ஓடத் தொடங்கியபோது அதில் ஏறியவர்களில் பலர் இப்படிப்பட்ட உறவினர்கள். 2019 ஆகஸ்டில் அந்த ரயில் நிறுத்தப்பட்டதும், பக்கத்தில் இருக்கும் தாய்வீட்டுக்கு அவர்கள் பஞ்சாபின் அட்டாரி எல்லை வரை சுற்றிப்போக வேண்டியதாயிற்று.